களப்பணியாளர் மேற்பார்வையாளர் ஆகும்போது: தொண்டு நிறுவனங்களில் புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு

தொண்டு நிறுவனங்களில் மேற்பார்வையாளர்கள் பெரும்பாலும் களத்திலிருந்துதான் வருகிறார்கள். நான்கைந்து வருடம் கிராமங்களில் நன்றாக வேலை பார்த்தவர், மக்களிடம் பெயர் எடுத்தவர், ரிப்போர்ட்டைத் தேதி தவறாமல் கொடுத்தவர். ஒருங்கிணைப்பாளர் வேறு வேலைக்குப் போய்விட, அந்த நாற்காலியில் இவரை உட்கார வைக்கிறார்கள். நேற்றுவரை ஒன்றாகப் பேருந்து ஏறியவர்கள் இன்று இவருக்குக் கீழே வருகிறார்கள். நியமனக் கடிதம் கையில் கிடைக்கிறது, அந்த வேலையை எப்படிச் செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

அதன்பிறகு வழக்கமாக நடப்பது இரண்டில் ஒன்று. சிலர் பழைய வேலையையே இரண்டு மடங்காகச் செய்கிறார்கள். பணியாளர் தடுமாறினால் தானே போய்ப் பெற்றோர் கூட்டத்தை நடத்திவிடுவார்கள், அரைகுறையாக வந்த ரிப்போர்ட்டை இரவு உட்கார்ந்து தானே திருத்தி எழுதுவார்கள். வேறு சிலர் தபால்காரராகிவிடுகிறார்கள். "நிதி கொடுக்குறவங்க கேக்குறாங்க, நாளைக்குள்ள அனுப்பிடுங்க" என்று மேலிருந்து வந்ததைக் கீழே தள்ளுவதும், கீழிருந்து வந்ததை மேலே அனுப்புவதுமே அவர்கள் வேலையாகிவிடும். இரண்டு வழியிலும் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பணியாளர்கள் எதையும் புதிதாகக் கற்றிருக்க மாட்டார்கள்.

மேற்பார்வை தனி வேலை. அதற்கென்று தனித் திறன்கள் உண்டு, அவற்றைக் கற்றுக்கொள்ளவும் முடியும். விளக்க வசதிக்காக ஓர் ஒன்றியத்தில் குழந்தைகளுக்கு மாலைநேரப் படிப்பு மையங்கள் நடத்தும் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 6 களப்பணியாளர்கள், ஒவ்வொருவர் பொறுப்பிலும் 5 மையங்கள், மையத்துக்கு ஓர் உள்ளூர்த் தன்னார்வலர். இந்த ஆறு பேருக்கும் ஒரே மேற்பார்வையாளர்.

இங்கே ஏன் கூடுதல் சிரமம்

கம்பெனி மேலாளர் கையில் இருக்கும் சில கருவிகள் இந்த மேற்பார்வையாளரிடம் இல்லை. நன்றாக உழைத்தவருக்குச் சம்பளம் கூட்டித் தர முடியாது, அந்தத் தொகை திட்ட பட்ஜெட்டில் முன்பே எழுதப்பட்டுவிட்டது. பதவி உயர்வுக்கு மேலே இடமும் குறைவு. திட்டம் மார்ச் 31-ல் முடிகிறது என்றால், ஜனவரியிலேயே நல்ல பணியாளர் வேறு இடம் பார்க்க ஆரம்பித்திருப்பார். வெளிநாட்டு நன்கொடை பெறும் நிறுவனங்களுக்கு இன்னொரு நெருக்கடியும் சேர்ந்தது. அந்த நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தில் 2020-ல் வந்த திருத்தம் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. நிர்வாகப் பணியாளர் சம்பளமும் அலுவலகச் செலவும் இந்த வரம்புக்குள் அடங்கியாக வேண்டும். இடைநிலைப் பொறுப்புகளைக் குறைத்து ஒருவர் தலையில் பத்துப் பன்னிரண்டு பேரைச் சுமத்த இதுவும் ஒரு காரணமாகிறது.

சேவை மனப்பான்மை இந்தத் துறையின் பலம். அதைச் சாக்காக வைத்து ஆட்களைச் சுரண்டுவதும் இங்கே சாதாரணமாக நடக்கிறது. "சேவைதானே" என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடுவது, பயணப்படி பில்லை இரண்டு மாதம் இழுத்தடிப்பது, இரவு பத்து மணிக்கு வாட்ஸ்ஆப் குழுவில் ஃபோட்டோ கேட்பது எல்லாம் மேற்பார்வையாளர் வழியாகவே பணியாளரைச் சென்றடைகின்றன. அங்கேயே தடுத்து நிறுத்த வேண்டியவரும் அவர்தான்.

சம்பளமும் பதவியும் கையில் இல்லாதபோது மேற்பார்வையாளர் தரக்கூடியது அவருடைய நேரமும் கவனமும்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொருவருடனும் மாதம் இரண்டு முறை ஒரு மணி நேரம் தனியாகப் பேசினால் 12 மணி நேரம், அதாவது ஒன்றரை நாள். ஒவ்வொருவருடனும் மாதம் ஒரு முழு நாள் களத்துக்குப் போனால் 6 நாள். குறிப்பு எழுதவும் எழுதியதைப் பின்தொடரவும் ஒரு நாள். மாதத்தின் 24, 25 வேலை நாட்களில் எட்டரை நாள் மேற்பார்வைக்கே போய்விடுகிறது. 12 பேர் என்றால் 17 நாள். அப்புறம் பட்ஜெட், ரிப்போர்ட், அரசு அலுவலகக் கூட்டங்களுக்கு நேரம் எங்கே? ஐந்திலிருந்து எட்டுப் பேர் வரை ஒருவரால் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள முடியும். அதற்கு மேல் போனால் மூத்த பணியாளர் ஒருவரிடம் இரண்டு மூன்று பேரைப் பகிர்ந்து கொடுங்கள். அப்படிக் கொடுக்கும்போது அந்த மூத்தவரின் மையங்களின் எண்ணிக்கையையும் குறைக்க வேண்டும்.

மேற்பார்வையின் மூன்று பக்கங்கள்

சமூகப்பணியில் மேற்பார்வைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1869-ல் லண்டனிலும் 1877-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரத்திலும் தொடங்கிய தர்ம அமைப்புச் சங்கங்களில், ஏழைக் குடும்பங்களைச் சந்திக்கப் போன தன்னார்வலர்களுக்கு வழிகாட்டச் சம்பளத்துக்கு ஆட்கள் இருந்தார்கள். பிற்பாடு 1970-களில் அமெரிக்கச் சமூகப்பணிப் பேராசிரியர் ஆல்ஃபிரட் கடூஷின் இந்த வேலையை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்: நிர்வாகம், கற்பித்தல், ஆதரவு. வேலை நடக்கிறதா, பணம் சரியாகச் செலவாகிறதா என்று பார்ப்பது முதலாவது. வேலையைச் செய்யத் தேவையான அறிவையும் திறனையும் வளர்ப்பது இரண்டாவது. அந்த வேலை மனதில் ஏற்றும் பாரத்தைத் தாங்கத் துணை நிற்பது மூன்றாவது.

நம் நிறுவனங்களில் முதலாவது மற்ற இரண்டையும் விழுங்கிவிடுகிறது. பணியாளரும் மேற்பார்வையாளரும் பேசிக்கொள்ளும் நேரமெல்லாம் எண்ணிக்கையிலும் வவுச்சரிலும் போய்விடுகிறது. எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலை படித்தவர்களுக்கு இந்த இழப்பு நன்றாகத் தெரியும். படிக்கும்போது களப்பணிக்காகப் பேராசிரியருடன் தனியே உட்கார்ந்து பேசும் ஐ.சி., குழுவாகப் பேசும் ஜி.சி. என்ற ஏற்பாடு இருந்தது. வேலையில் சேர்ந்த பிறகு அப்படியொன்று இருந்ததே மறந்துபோகிறது. அதைத் திரும்பக் கொண்டுவருவதுதான் புதிய மேற்பார்வையாளர் செய்ய வேண்டிய முதல் காரியம்.

தனிச் சந்திப்பு

பதினைந்து நாளைக்கு ஒரு முறை, 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம், முன்பே குறித்த நாளில். "நேரம் கிடைக்கும்போது பேசலாம்" என்று விட்டால் பிரச்சினை வெடிக்கும்போது மட்டுமே பேசுவீர்கள். பிறகு "மேடம் கூப்பிடுறாங்க" என்றாலே பணியாளருக்கு வயிறு கலங்கும். எனவே முதல் மற்றும் மூன்றாம் வியாழன் காலை 10 மணி என்பதுபோல ஆளுக்கொரு நேரத்தை ஒதுக்கி வையுங்கள். தள்ளிப்போட வேண்டி வந்தால் அதே வாரத்துக்குள் மாற்று நாளையும் சொல்லிவிடுங்கள்.

இடம் அலுவலகமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. மற்றவர்கள் காதில் விழாத, அதே சமயம் பார்வையில் இருக்கிற இடம் போதும். ஆண் மேற்பார்வையாளர் பெண் பணியாளருடன் பேசும்போது கதவைத் திறந்து வைப்பது இருவருக்குமே நல்லது. கைபேசியை ஓரமாக வைத்துவிடுங்கள்.

பேசும் வரிசை முக்கியம். முதல் 15 நிமிடம் பணியாளருடையது. "இந்த ரெண்டு வாரத்துல எது நல்லா போச்சு? எங்க மாட்டிக்கிட்டீங்க?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். ஆரம்பத்தில் "எல்லாம் நல்லாத்தான் போகுது சார்" என்றுதான் பதில் வரும். மூன்று நான்கு சந்திப்புகள் கழித்து, சொன்னதற்குத் திட்டு விழவில்லை என்று தெரிந்த பிறகுதான் உண்மை வெளியே வரும். அடுத்த 20 நிமிடத்தில் ஒரே ஒரு மையத்தையோ ஒரே ஒரு குடும்பத்தையோ எடுத்து ஆழமாகப் பேசுங்கள்: என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், வேறு என்ன செய்திருக்கலாம். கற்பித்தல் நடப்பது இங்கேதான். ஐந்து மையத்தையும் மேலோட்டமாகத் தொட்டுப் போனால் யாரும் எதையும் கற்க மாட்டார்கள். எண்ணிக்கையும் பில்லும் அதற்குப் பிறகு, பத்து நிமிடத்தில் முடியட்டும். கடைசியாக, அடுத்த சந்திப்புக்குள் யார் எதைச் செய்வது என்று இரண்டு மூன்று வரி எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரிகளில் உங்கள் வேலையும் இருக்க வேண்டும். "தலைமையாசிரியரிடம் சாவி விஷயமாக நான் பேசுகிறேன்" என்று எழுதிவிட்டு அடுத்த முறையும் பேசாமல் வந்தால், அந்தக் குறிப்பேட்டுக்கு அதன்பிறகு மரியாதை இருக்காது.

ஆளுக்கொரு நோட்டு வைத்துக்கொள்வது பழைய முறைதான், ஆனாலும் இன்றும் சிறந்தது. திட்ட விவரத்தோடு சேர்த்துப் பணியாளரின் வீட்டுப் பிரச்சினைகளை அதில் எழுதாதீர்கள், அந்த நோட்டு நாளை அடுத்த மேற்பார்வையாளர் கைக்குப் போகும்.

வேலையை ஒப்படைத்தல்

"பெற்றோர் கூட்டத்தை நீங்க பார்த்துக்குங்க" என்பது ஒப்படைப்பு ஆகாது. என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள், எப்படி இருந்தால் அது முடிந்ததாக அர்த்தம், எவ்வளவு வரை தானே முடிவெடுக்கலாம், நடுவில் எப்போது வந்து சொல்ல வேண்டும் ஆகிய ஐந்தும் தெளிவாக இருக்க வேண்டும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அக்கா, 20-ஆம் தேதிக்குள்ள உங்க அஞ்சு மையத்துலயும் பெற்றோர் கூட்டம் முடியணும். பாதிப் பேராவது வரணும், வர்றவங்க பேசணும், நாம மட்டும் பேசிட்டு வரக்கூடாது. டீ, பிஸ்கட்டுக்கு மையத்துக்கு 300 ரூபா வரைக்கும் நீங்களே செலவு பண்ணிக்கலாம். தேதி மாத்தணும்னா நீங்களே முடிவு பண்ணுங்க, இடம் மாத்தணும்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. முதல் கூட்டம் முடிஞ்சதும் கூப்பிடுங்க." பேச ஒரு நிமிடம்கூட ஆகாது. சொல்லி முடித்த பிறகு "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். "எந்த மையத்துல முதல்ல ஆரம்பிக்கலாம்னு இருக்கீங்க?" என்று கேளுங்கள், புரிந்ததா என்பது பதிலிலேயே தெரிந்துவிடும்.

பெரும்பாலும் விட்டுப்போவது நான்காவது, அதாவது அதிகாரத்தின் எல்லை. எல்லை தெரியாத பணியாளர் ஒன்று எல்லாவற்றுக்கும் ஃபோன் செய்வார், அல்லது எதையும் செய்யாமல் காத்திருப்பார். இரண்டும் சோம்பேறித்தனம்போலத் தெரியும். முன்பு ஒரு தடவை தானாக முடிவெடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டதன் விளைவாகவே அது பெரும்பாலும் இருக்கும்.

யாருக்கு எந்த ஊர் என்று பிரிப்பதும் ஒப்படைப்பில் சேர்ந்தது. இதில் சாதி சத்தமில்லாமல் நுழைந்துவிடும். தலித் பணியாளருக்குக் காலனிகள் மட்டும், மற்றவருக்கு ஊர்த்தெரு மட்டும் என்று ஒதுக்கிவிட்டு "அவங்கதான் அங்க நல்லா பழகுவாங்க" என்று காரணம் சொல்வார்கள். மேற்பார்வையாளர் பணியாளருடைய பட்டியலை வருடத்துக்கு ஒரு முறையாவது இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். ஊரில் எதிர்ப்பு வருமென்றால் பணியாளரைத் தனியே அனுப்பாமல் முதல் சில முறை கூடவே போங்கள். பெண் பணியாளருக்கு மாலை மையம் ஏழரைக்கு முடிந்து, கடைசிப் பேருந்து ஏழு மணிக்குப் போய்விடுகிறதென்றால் அந்த அட்டவணையே தவறு. அதை மாற்றுவது உங்கள் பொறுப்பு.

களத்துக்குப் போவது

திடீரென்று போய்ப் பிடிப்பதை மேற்பார்வை என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படிப் போனால் ஒரு முறை உண்மையைப் பார்க்கலாம். அடுத்த முறை நீங்கள் பேருந்து ஏறும்போதே ஃபோன் போயிருக்கும். பெரும்பாலான களப் பயணங்களை முன்பே சொல்லிவிட்டே வைத்துக்கொள்ளுங்கள், எதைப் பார்க்கப் போகிறோம் என்பதையும் சேர்த்து. போகுமுன் கடந்த மாதக் குறிப்பைப் படித்து ஒன்றிரண்டு விஷயங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள்: இந்த முறை வாசிப்புப் பயிற்சி எப்படி நடக்கிறது, தன்னார்வலருக்குப் பணியாளர் எப்படிச் சொல்லித் தருகிறார்.

அங்கே போனதும் ஓரமாக உட்காருங்கள். பழைய களப்பணியாளருக்கு இதுதான் மிகக் கடினம். குழந்தைகளைப் பார்த்ததும் கை பரபரக்கும், எழுந்து போய்ப் பாடம் நடத்தத் தோன்றும். நீங்கள் எழுந்துவிட்டால் ஊர்க்காரர்கள் அன்றிலிருந்து பணியாளரை விட்டுவிட்டு உங்களிடமே பேசுவார்கள். யாராவது குறை சொன்னால் "இங்க இவங்கதான் பொறுப்பு, இவங்ககிட்ட சொல்லுங்க, நானும் கேட்டுக்குறேன்" என்று பணியாளர் பக்கம் திருப்பிவிடுங்கள். குழந்தைக்கு ஆபத்து என்றால் மட்டும் உடனே தலையிட வேண்டும்.

பதிவேட்டையும் பாருங்கள். அன்றைய வருகையை எண்ணிச் சரிபார்ப்பதோடு, போன மாதப் பதிவிலிருந்து மூன்று நான்கு பெயர்களைக் குறித்துக்கொண்டு அந்த வீடுகளுக்கு நடந்து போய்ப் பேசிவிட்டு வாருங்கள். இது சந்தேகத்தால் செய்வதில்லை, எல்லோருக்கும் ஒரே மாதிரி செய்வது என்று முன்பே சொல்லிவிட வேண்டும். பொய்க் கணக்கு கிடைத்தால் அதன் காரணத்தையும் தேடுங்கள். மாதக் கூட்டத்தில் குறைந்த எண்ணிக்கை சொன்னவரை எல்லோர் முன்னிலையிலும் நிற்கவைத்துக் கேட்கும் நிறுவனத்தில், அடுத்த மாதம் எல்லாப் பதிவேடும் நிரம்பியிருக்கும். மையங்கள் காலியாகவே இருக்கும். பணியாளருக்கு அந்த இலக்கு எட்ட முடியாதது என்று தெரிந்திருக்கும், அதைச் சொல்ல வழி இருந்திருக்காது. எண்ணிக்கைகளைக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே வாங்கி ஒரே தாளில் தொகுத்துவிட்டு, கூட்ட நேரத்தை ஏன் குறைந்தது, எங்கே கூடியது என்ற பேச்சுக்கு ஒதுக்கினால் இந்த நோய் பெருமளவு குறையும்.

திரும்பும் வழியிலோ அன்று மாலையோ பணியாளருடன் பேசிவிடுங்கள். இரண்டு நாளுக்குள் அரைப் பக்கக் குறிப்பு எழுதி அவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

பாராட்டும் திருத்தமும்

"சூப்பர்", "வெரி குட்" என்பதெல்லாம் காதோடு போய்விடும். "அந்தப் பையன் படிக்கத் தயங்கினப்போ நீங்க அவசரப்படாம காத்திருந்தீங்க, அதான் அவன் வாயைத் திறந்தான்" என்று கண்ணால் பார்த்ததைச் சொன்னால் அதே காரியம் மறுபடியும் நடக்கும். பாராட்டு எல்லோர் முன்னிலையிலும் இருக்கலாம், திருத்தம் தனியாகத்தான்.

திருத்தும்போது ஆளைப் பற்றிப் பேசாமல் நடந்ததைப் பேசுங்கள். "நீங்க பொறுப்பே இல்லாம இருக்கீங்க" என்றால் பதிலுக்குச் சண்டையோ அழுகையோதான் வரும். "அக்கா, செவ்வாய்க்கிழமை பதிவேட்டுல 22 பேர் இருந்துச்சு, உள்ள 9 பேர்தான் உட்கார்ந்திருந்தாங்க. என்ன ஆச்சுன்னு சொல்லுங்க" என்றால் பேச ஓர் இடம் கிடைக்கிறது. அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு, அதனால் என்ன பாதிப்பு, இனி எப்படி, எந்தத் தேதியில் மறுபடி பார்ப்பது என்று முடியுங்கள். முப்பது வயது மேற்பார்வையாளர் ஐம்பது வயது பணியாளரிடம் பேச வேண்டியிருந்தால் அக்கா, அண்ணா என்ற மரியாதை அப்படியே இருக்கட்டும். அந்த மரியாதைக்காக விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடுவதுதான் தவறு. சொல்லாமல் ஆறு மாதம் அடக்கி வைத்துவிட்டு ஆண்டு மதிப்பீட்டில் எழுதினால், பணியாளர் அதைத் துரோகமாகவே எடுத்துக்கொள்வார்.

ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால் காரணத்தைப் பிரித்துப் பாருங்கள். எப்படிச் செய்வதென்று தெரியவில்லையா? அப்படியானால் சொல்லிக்கொடுங்கள். தெரியும், ஆனால் அட்வான்ஸ் வரவில்லை, பேருந்து இல்லை, வேலைப்பளு கூடிவிட்டதா? தடையை நீக்குங்கள். வீட்டில் நோய், இழப்பு என்றால் சில வாரம் வேலையைக் குறைத்துக் கொடுங்கள். இவற்றில் எதுவும் இல்லாமல் செய்ய மனமில்லை என்று தெரிந்த பிறகுதான் எழுத்துமூலமான எச்சரிக்கைக்குப் போக வேண்டும். அதற்குமுன் பேசிய தேதிகளும் ஒப்புக்கொண்ட விஷயங்களும் நோட்டில் இருக்க வேண்டும், பணியாளருக்குத் தன் பக்கத்தை எழுதித் தர வாய்ப்பும் வேண்டும். பரிவின் பேரில் வேலை செய்யாத ஒருவரை வருடக்கணக்கில் சுமந்தால், அவருடைய வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கும் மற்ற ஐவரில் ஒருவர் கிளம்பிப் போவார்.

தானே தீர்க்கக் கூடாத விஷயங்கள்

சில விஷயங்கள் காதுக்கு வந்ததும் "நானே பேசி முடிச்சுடுறேன்" என்று மேற்பார்வையாளர் இறங்கக் கூடாது. பாலியல் தொல்லைப் புகார் அவற்றில் முதன்மையானது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் இருந்தால் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும், அதற்குக் குறைவென்றால் மாவட்டத்திலுள்ள உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சம்பளம் வாங்காத தன்னார்வலரும் பயிற்சிக்கு வந்த மாணவியும் இந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருகிறார்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும் என்பதால், மேற்பார்வையாளர் சமாதானம் பேசிக் கடத்தும் ஒவ்வொரு வாரமும் பாதிக்கப்பட்டவரின் உரிமையைத் தின்கிறது.

குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. குழந்தைகளுக்கான 1098 என்ற எண் ஒவ்வொரு மையத்தின் சுவரிலும் இருக்க வேண்டும். பணக் கையாடல் சந்தேகமும் இதே வகைதான்: ஆவணங்களைப் பத்திரப்படுத்திவிட்டு அன்றே மேலே எழுத்தில் தெரிவியுங்கள்.

முதல் ஆறு மாதம்

இரண்டு நாள் பயிலரங்குக்கு அனுப்பிவிட்டால் திறன் வந்துவிடாது. ஒரு நேரத்தில் ஒரு பழக்கம் என்று வைத்துக்கொள்வதே நடைமுறையில் பலன் தருகிறது. முதல் மாதம் புதிதாக எதையும் மாற்றாமல் ஆறு பேருடனும் தனித்தனியே உட்கார்ந்து அவர்கள் வேலையைக் கேட்டுத் தெரிந்துகொள்வது. அந்தப் பதவியை எதிர்பார்த்து ஏமாந்தவர் அவர்களில் ஒருவராக இருந்தால், அதை மூடி மறைக்காமல் அவரிடம் நேராகப் பேசிவிடுவது. இரண்டாம் மாதத்திலிருந்து தனிச் சந்திப்பு ஒழுங்காக நடக்க வேண்டும். அது நிலைபெற்ற பிறகு மூன்றாம், நான்காம் மாதங்களில் களப் பார்வையும் குறிப்பும். திருத்திப் பேசும் பழக்கத்துக்கு ஐந்தாம் மாதமாகலாம், அதற்குள் நம்பிக்கை ஓரளவு வளர்ந்திருக்கும்.

இவ்வளவும் நடக்க மேலே இருப்பவர் இரண்டு காரியம் செய்தாக வேண்டும். புதிய மேற்பார்வையாளர் பணியாளர்களுக்குத் தரும் அதே தனிச் சந்திப்பைச் செயலாளரோ இயக்குநரோ இவருக்கும் பதினைந்து நாளுக்கு ஒரு முறை தர வேண்டும். தனக்குக் கிடைக்காத ஒன்றை அவர் கீழே நீண்ட நாள் கொடுக்க முடியாது. மற்றொன்று, அவருடைய பழைய ஐந்து மையங்களையும் வேறொருவரிடம் ஒப்படைக்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஒதுக்கி, அது முடியும் தேதியை நியமனக் கடிதத்திலேயே எழுதித் தர வேண்டும்.